அரசுப் பள்ளி ஆசிரியர் சம்பளம் உண்மையிலேயே அதிகமா? வேலையை விடறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு



"அந்தப் பையனைப் பாரு, கவர்மெண்ட் ஸ்கூல் வாத்தியார். கை நிறைய சம்பளம், பென்ஷன் வேற." சம்பளம் வாங்க ஆரம்பிச்ச எல்லாருமே ஏதாவது ஒரு கல்யாண வீட்டுல இதைக் கேட்டிருப்பீங்க. இன்னொரு பக்கம், ஆசிரியர்கள் சென்னையில போராட்டம் நடத்தும்போது, "இந்தச் சம்பளத்துல எப்படிங்க குடும்பம் நடத்துறது?"ன்னு டிவியில அழற குரலையும் கேட்டிருப்பீங்க.

இதுல யார் சொல்றது உண்மை? ரெண்டு பேருமே உண்மையைத்தான் சொல்றாங்க. "அரசு ஆசிரியர் சம்பளம்"னு ஒரே ஒரு சம்பளம் கிடையாது. எந்தப் பதவி, எந்த வருஷம் சேர்ந்தாங்க, எந்த பென்ஷன் திட்டத்துல இருக்காங்கங்கிறதைப் பொறுத்து அது தலைகீழா மாறும்.

இது வெறும் பொது அறிவுக்காக எழுதற பதிவு இல்லை. பிஎட் முடிச்சுட்டு வேற வேலையில இருக்கிற பலர், 27, 28 வயசுல "வேலையை விட்டுட்டு முழு நேரமா டிஆர்பி-க்குப் படிக்கலாமா?"ன்னு யோசிக்கிறாங்க. அந்த முடிவை மாமா சொன்னாருன்னோ பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாருன்னோ எடுக்கக்கூடாது. கணக்குப் போட்டு எடுக்கணும். வாங்க, தமிழ்நாட்டுக் கணக்கையே போட்டுப் பார்ப்போம்.

1. யாரோட சம்பளத்தைப் பத்திப் பேசறோம்?

தமிழ்நாடு அரசுப் பள்ளிகள்ல மூணு முக்கியமான பதவிகள். ஒண்ணாம் வகுப்புல இருந்து அஞ்சாம் வகுப்பு வரை இடைநிலை ஆசிரியர். ஆறுல இருந்து பத்து வரை பட்டதாரி ஆசிரியர். பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு முதுகலை ஆசிரியர். இப்போ இருக்கிற ஊதிய விகிதப்படி இவங்களோட தொடக்க அடிப்படைச் சம்பளம்:

- இடைநிலை ஆசிரியர்: 20,600 ரூபாய்
- பட்டதாரி ஆசிரியர்: 36,400 ரூபாய்
- முதுகலை ஆசிரியர்: 36,900 ரூபாய்

இது மேல அகவிலைப்படி வரும், அதாவது டிஏ. 2025 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த 55% அளவை வெச்சுக்கிட்டா:

- இடைநிலை: 20,600 + 11,330 = 31,930
- பட்டதாரி: 36,400 + 20,020 = 56,420
- முதுகலை: 36,900 + 20,295 = 57,195

வீட்டு வாடகைப்படி ஊரைப் பொறுத்து மாறும். அதையும், தனி ஊதியம், மருத்துவப்படி மாதிரியான சின்னச் சின்ன சேர்க்கைகளையும் இந்தக் கணக்குல விட்டுடறேன். இதுல இருந்து கொஞ்சம் கூடத்தான் வரும், குறையாது.

முதல் ரெண்டு வரியைக் கவனிச்சீங்களா? பக்கத்துப் பக்கத்து கட்டடத்துல வேலை பாக்குற ரெண்டு ஆசிரியர்களுக்கு நடுவுல, சேர்ந்த அன்னிக்கே மாசம் 24,000 ரூபாய்க்கு மேல வித்தியாசம். கல்யாண வீட்டு மாமா பேசறது பட்டதாரி ஆசிரியரைப் பத்தி. போராட்டப் பந்தல்ல உட்கார்ந்திருக்கிறவர் பெரும்பாலும் இடைநிலை ஆசிரியர்.

2. ஒரு தேதி, ரெண்டு சம்பளம்

இடைநிலை ஆசிரியர்கள் "சம வேலைக்கு சம ஊதியம்"னு கேக்கறதுக்குப் பின்னால ஒரு எளிமையான கணக்கு இருக்கு. ஆறாவது ஊதியக் குழு அமலானப்போ, 2009 மே 31-க்குள்ள வேலையில இருந்தவங்களுக்குப் பழைய அடிப்படைச் சம்பளமான 4,500-ஐ 1.86-ஆல பெருக்கி 8,370 ரூபாய்னு நிர்ணயம் பண்ணாங்க. 2009 ஜூன் 1-ம் தேதியும் அதுக்கு அப்புறமும் சேர்ந்தவங்களுக்கு 5,200 ரூபாய்ல ஆரம்பிச்சாங்க. வித்தியாசம் 3,170 ரூபாய்.

3,170 தானேன்னு தோணலாம். ஆனா அது அடிப்படைச் சம்பளத்துல வந்த ஓட்டை. அடிப்படைச் சம்பளம் குறைஞ்சா அதோட சதவீதமா வர்ற டிஏ குறையும், வருஷாந்திர 3% இன்க்ரிமெண்ட் குறையும், அடுத்த ஊதியக் குழுவுல 2.57-ஆல பெருக்கும்போது அந்த ஓட்டையும் சேர்ந்து பெருகும். கடைசியில பென்ஷன்லயும் தெரியும். ஒரே பாடப் புத்தகம், ஒரே வகுப்பு, சேர்ந்த தேதியில சில நாள் வித்தியாசம். அதுக்கான விலையை வேலைக்காலம் முழுக்க கொடுக்கணும்.

மத்திய அரசோட ஒப்பிட்டா இது இன்னும் பளிச்னு தெரியும். கேந்திரிய வித்யாலயாவுல தொடக்கநிலை ஆசிரியரோட ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 35,400. நம்ம இடைநிலை ஆசிரியருக்கு 20,600. அதே 55% டிஏ போட்டா மாசம் 22,940 ரூபாய் வித்தியாசம்.

இதுக்கும் கீழ ஒரு அடுக்கு இருக்கு. ஓவியம், உடற்கல்வி, தையல், இசைன்னு பாடம் எடுக்கிற பகுதி நேர ஆசிரியர்கள். 2012-ல மாசம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்துல சேர்ந்தாங்க. 2024-ல அது 12,500 ஆச்சு. டிஏ கிடையாது, இன்க்ரிமெண்ட் கிடையாது. வெளியில இருந்து பாக்குறவங்களுக்கு இவங்களும் "கவர்மெண்ட் ஸ்கூல் டீச்சர்"தான்.

3. ஆசிரியர் சம்பளத்தை சிடிசி-யா மாத்துவோம்

உங்க ஆஃபர் லெட்டர்ல இருக்கிற சிடிசி-யில கம்பெனி போடற பிஎஃப், கிராஜுவிட்டி, இன்ஷூரன்ஸ், வேரியபிள் பே எல்லாம் சேர்ந்திருக்கும். ஆசிரியரோட சம்பளச் சீட்டுல அரசு போடற பங்கு தெரியாது. அதனால உங்க சிடிசி-யையும் அவங்க மாசச் சம்பளத்தையும் நேரா ஒப்பிட்டா கணக்கு தப்பாகும். ரெண்டையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டு வரணும். அதுல பெரிய விஷயம் பென்ஷன்.

2003 ஏப்ரல் 1-க்கு அப்புறம் தமிழ்நாடு அரசு வேலையில சேர்ந்தவங்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது. பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம், அதாவது சிபிஎஸ். அடிப்படைச் சம்பளம் பிளஸ் டிஏ-யில 10% பிடிப்பாங்க, அரசு இன்னொரு 10% போடும். பட்டதாரி ஆசிரியர்னா அவர் பங்கு 5,642, அரசு பங்கு 5,642. இது உங்க பிஎஃப் மாதிரிதான். "அரசு வேலைன்னா பென்ஷன்"னு நாம நினைக்கிற அந்த பென்ஷன் இது இல்லை.

2026 ஜனவரி 3-ம் தேதி, உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு அறிவிச்சது. கடைசியா வாங்கின சம்பளத்துல 50% பென்ஷன், ஊழியர் பங்கு 10%. மத்திய அரசு 2025 ஏப்ரல் 1-ல ஆரம்பிச்ச யுபிஎஸ்-ஸும் கிட்டத்தட்ட இதே வடிவம்தான்.

சரி, இந்த 50% பென்ஷனோட மதிப்பு என்ன? ஒரு ஆடிட்டரா நான் இதை இப்படிப் பார்ப்பேன்.

30 வயசுல சேர்ற பட்டதாரி ஆசிரியர் 60-ல ஓய்வு பெறுகிறார். விலைவாசி ஏற்றத்தை டிஏ சரிக்கட்டுதுன்னு வெச்சுக்கிட்டு, இன்னிக்கு விலைவாசியிலேயே பேசுவோம். 56,420 ரூபாய் வருஷம் 3% ஏறினா 30 வருஷத்துல சுமார் 1,37,000 ஆகும். அதுல பாதி சுமார் 68,000. விலைவாசிக்கு ஏத்த மாதிரி ஏறிக்கிட்டே, ஆயுசு முழுக்க வர்ற பணம் இது.

இதே வருமானத்தை நீங்களே உருவாக்கணும்னா, வருஷச் செலவுக்கு 20 மடங்குன்னு குறைவா வெச்சாலும் சுமார் 1.63 கோடி வேணும், அதுவும் இன்னிக்கு மதிப்புல. விலைவாசியைக் கழிச்சு 4% வருமானம் வர்ற முதலீட்டுல போட்டா, மாசம் சுமார் 16,500 ரூபாயில ஆரம்பிக்கணும். அதையும் சம்பளம் ஏற ஏற ஏத்திக்கிட்டே 30 வருஷம் போடணும். அதுல ஆசிரியர் தன் கையில இருந்து போடறது 5,642. மீதி கிட்டத்தட்ட 11,000 ரூபாய், சம்பளச் சீட்டுல தெரியாத சம்பளம்.

இது நான் சும்மா ஊகிச்ச நம்பரான்னு சரிபார்க்க ஒரு வழி இருக்கு. யுபிஎஸ்-ல மத்திய அரசு தன் பங்கா 18.5% போடுது. 56,420-ல 18.5% போட்டுப் பாருங்க: 10,438 வருது. ரெண்டு வழியில போனாலும் ஏறக்குறைய ஒரே இடத்துக்குத்தான் வர்றோம். அதனால ஒரு சுலபமான ஃபார்முலா: 50% பென்ஷன் உறுதின்னா அடிப்படைச் சம்பளம் பிளஸ் டிஏ-யோட 18.5% கூட்டுங்க. சிபிஎஸ் மட்டும்னா 10% கூட்டுங்க.

18.5% கூட்டினா வருஷத்துக்கு:

- இடைநிலை: சுமார் 4.5 லட்சம்
- பட்டதாரி: சுமார் 8 லட்சம்
- முதுகலை: சுமார் 8.1 லட்சம்

இதோட வீட்டு வாடகைப்படி, மாசம் 300 ரூபாய் பிடித்தத்துல குடும்பத்துக்கே மருத்துவக் காப்பீடு, பெண் ஆசிரியர்களுக்கு 12 மாச மகப்பேறு விடுப்பு. தனியார்ல சட்டப்படி 26 வாரம்தான். இதுக்கெல்லாம் ரூபாய் மதிப்பு போடறது கஷ்டம், ஆனா மதிப்பு இல்லைன்னு சொல்ல முடியாது.

வரியைப் பத்தி ஒரு வரி: புது வரி முறையில 12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு வரி இல்லை. அதனால இந்தத் தொகைகள்ல வரி ரெண்டு பக்கமும் பூஜ்யம்தான், ஒப்பீட்டை மாத்தாது.

4. யாரோட ஒப்பிடறீங்க?

சம்பளம் போட்டி போடற அளவுல இருக்கான்னு கேட்டா, "யாரோட?"ன்னு திருப்பிக் கேக்கணும்.

தனியார் பள்ளி ஆசிரியரோட ஒப்பிட்டா, போட்டியே இல்லை. சின்ன ஊர் தனியார் பள்ளியில பிஎட் முடிச்சவங்க பத்து, பதினஞ்சாயிரத்துக்கு வேலை பாக்குறது சகஜம். ஏப்ரல், மே சம்பளம் வருமாங்கிறதே கேள்விக்குறி.

ஐடி ஃப்ரெஷரோட ஒப்பிட்டா, பெரிய சர்வீஸ் கம்பெனிகள்ல ஃப்ரெஷர் பேக்கேஜ் பல வருஷமா மூணு, மூணரை லட்சத்துப் பக்கத்துலயே நிக்குது. பட்டதாரி ஆசிரியர் அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல ஆரம்பிக்கிறார். இடைநிலை ஆசிரியர்கூட கொஞ்சம் மேலதான்.

பத்து வருஷ அனுபவத்தோட ஒப்பிட்டா கதை மாறும். பட்டதாரி ஆசிரியரோட 56,420, பத்து இன்க்ரிமெண்ட்டுக்கு அப்புறம் இன்னிக்கு விலைவாசியில சுமார் 75,800. பென்ஷன் மதிப்பும் சேர்த்தா வருஷம் 10.8 லட்சம் பக்கம். பத்து வருஷத்துல தேர்வு நிலை வரும்போது இன்னும் கொஞ்சம் கூடும். நல்லா ஸ்கில் வளர்த்துக்கிட்டு ரெண்டு, மூணு கம்பெனி மாறின ஒருத்தர் அந்த வயசுல இதைத் தாண்டிப் போயிருப்பார். ஒரே இடத்துல 8% ஹைக்குக்குக் காத்துக்கிட்டு இருந்தவர் தாண்டியிருக்க மாட்டார்.

இன்னொண்ணும் கவனிக்கணும். அரசுப் பள்ளியில பாடம் எதுவா இருந்தாலும் ஒரே ஊதிய விகிதம். வரலாறு எம்ஏ, தமிழ் எம்ஏ படிச்சவருக்கு வெளி மார்க்கெட்ல 57,000 ரூபாய் ஆரம்பச் சம்பளம் கிடைக்கறது ரொம்ப அபூர்வம். அவருக்கு இது அருமையான சம்பளம். கணினி அறிவியல்லயோ கணக்குலயோ கெட்டிக்காரரா இருக்கிறவருக்கு வெளியில கதவு நிறைய. அவருக்கு அதே 57,000 சுமார்தான். அதாவது ஒரே சம்பளம், உங்க கையில இருக்கிற மாற்று வழியைப் பொறுத்து அதிகமாவும் தெரியும், கம்மியாவும் தெரியும்.

அரசு வேலைன்னா ரிஸ்க்கே இல்லைங்கிறதும் முழு உண்மை இல்லை. கொரோனா சமயத்துல 2020 ஜனவரியில இருந்து மூணு தவணை டிஏ உயர்வை நிறுத்தி வெச்சாங்க. 2025 செப்டம்பர் 1-ல உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புல, எட்டாம் வகுப்பு வரை பாடம் எடுக்கிறவங்கள்ல, ஓய்வுக்கு அஞ்சு வருஷத்துக்கு மேல பாக்கி இருக்கிற ஆசிரியர்கள் ரெண்டு வருஷத்துக்குள்ள டெட் பாஸ் பண்ணணும்னு சொல்லியிருக்கு. இருபது வருஷம் பாடம் எடுத்தவங்க மறுபடி பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டு இருக்காங்க. இருந்தாலும், ஒரு மெயில்ல வேலை போற தனியார் துறையோட ஒப்பிட்டா பாதுகாப்பு அதிகம்தான்.

5. யாரும் கணக்குல சேர்க்காத செலவு: காத்திருப்பு

இதுவரைக்கும் பார்த்தது வேலை கிடைச்சவங்க கணக்கு. கிடைக்கிற வரைக்கும் ஆகற செலவு எந்த ஊதியப் பட்டியல்லயும் இருக்காது.

பட்டதாரி ஆசிரியர் ஆகணும்னா டிகிரி, ரெண்டு வருஷ பிஎட், டெட் தேர்ச்சி, அதுக்கு மேல டிஆர்பி போட்டித் தேர்வு. டெட் பாஸ் பண்ணாலே வேலைங்கிறது 2018-ல வந்த அரசாணை 149-ஓட முடிஞ்சு போச்சு. அறிவிப்பும் வருஷா வருஷம் வராது. 2025-ல முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு அறிவிச்ச இடங்கள் 1,996. விண்ணப்பம் ரெண்டு லட்சத்தைத் தாண்டிச்சு. அதாவது தோராயமா நூறு பேருக்கு ஒரு இடம்.

வயது வரம்பு பொதுப் பிரிவுக்கு 53, மத்தவங்களுக்கு 58 வரை இருக்கு. "இன்னும் டைம் இருக்கு"ன்னு இதை ஆறுதலா எடுத்துக்காதீங்க. மேல நான் போட்ட பென்ஷன் கணக்கு 30 வருஷ சர்வீஸுக்கு. 45 வயசுல சேர்ந்தா இன்க்ரிமெண்ட் 15 வருஷத்துக்குத்தான். வேலை அதேதான், ஆனா மொத்தத்துல கிடைக்கிற பணம் பாதிக்கும் கீழ போயிடும்.

6. அப்போ வேலையை விடலாமா?

உங்க சம்பளம், கம்பெனி பிஎஃப் எல்லாம் சேர்த்து மாசம் 35,000-னு வெச்சுக்குவோம். ரெண்டு வருஷம் வேலையை விட்டுப் படிச்சா இழக்கிறது 8.4 லட்சம். கோச்சிங் ஃபீஸ், தங்கற செலவு தனி.

கிடைச்சா லாபம்? பட்டதாரி ஆசிரியரோட மொத்த மதிப்பு மாசம் 66,858. உங்களோடது 35,000. வித்தியாசம் வருஷத்துக்கு 3.82 லட்சம், 30 வருஷத்துக்கு சுமார் 1.15 கோடி. ஆஹான்னு தோணும்.

ஆனா அந்த 1.15 கோடி நிச்சயம் இல்லை. 8.4 லட்சம் செலவு நிச்சயம். 8.4-ஐ 115-ஆல வகுத்தா சுமார் 7.3%. அதாவது 14-ல ஒரு வாய்ப்பாவது கூடுதலா இருந்தால்தான் இந்த முடிவு நஷ்டமில்லாம முடியும். பின்னாடி வர்ற பணத்தோட இன்றைய மதிப்பையும், உங்க சம்பளம் வேகமா ஏறக்கூடிய வாய்ப்பையும் சேர்த்தா, தேவைப்படற வாய்ப்பு இன்னும் அதிகமாகும்.

இங்கே "கூடுதலா"ங்கிற வார்த்தைக்கு அடிக்கோடு போட்டுக்கோங்க. வேலையில இருந்துக்கிட்டே காலையில ரெண்டு மணி நேரம், ராத்திரி ரெண்டு மணி நேரம் படிச்சாலும் உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கு. வேலையை விடறதால அந்த வாய்ப்பு எவ்வளவு கூடுது? 5%-ல இருந்து 8% ஆகுதுன்னா, நீங்க 8.4 லட்சம் கொடுத்து வாங்கினது வெறும் 3%. அது கட்டுப்படியாகாது. போன தேர்வுல சில மார்க்குல கட்-ஆஃப் தவறிட்டீங்க, அறிவிப்பும் வந்தாச்சு, ஆறு மாசம் முழு நேரம் படிச்சா கண்டிப்பா தாண்டலாம்னா கதையே வேற. அங்கே செலவு 2.1 லட்சம்தான், கூடற வாய்ப்பும் பெருசு.

என்னோட பரிந்துரை இதுதான்:

- அறிவிப்பு வராத வரைக்கும் வேலையை விடாதீங்க. சம்பளமே உங்க கோச்சிங் ஃபீஸ்.
- போன தேர்வோட கேள்வித்தாளை வீட்டுல டைம் வெச்சு எழுதிப் பாருங்க. உங்க பாடத்துல, உங்க இடஒதுக்கீட்டுப் பிரிவுல வந்த கட்-ஆஃப்-க்கு எவ்வளவு தூரத்துல இருக்கீங்கன்னு தெரியும். உங்க வாய்ப்பை ஓரளவு நேர்மையா சொல்ற அளவுகோல் அதுதான்.
- விடறதா முடிவு பண்ணா, எத்தனை மாசம்னு முன்னாடியே எழுதி வைங்க. அத்தனை மாசச் செலவும் பேங்க்ல இருக்கணும். வீட்டு நகையை அடகு வெச்சுப் படிக்கிற நிலைமை வேண்டாம்.
- எந்தப் பதவி, எந்த பென்ஷன் திட்டம்னு பார்த்துட்டுக் கணக்குப் போடுங்க. இடைநிலை ஆசிரியரோட 4.5 லட்சத்துக்கும் பட்டதாரியோட 8 லட்சத்துக்கும் ஒரே தியாகம் பண்ண முடியாது.
- பென்ஷன் திட்டத்தை அறிவிப்பை வெச்சு முடிவு பண்ணாதீங்க. அரசாணையையும் விதிகளையும் படிங்க. சந்தேகம் இருந்தா 10% கணக்கையே எடுத்துக்கோங்க.

முடிவா

பட்டதாரி, முதுகலை ஆசிரியர்களுக்கு ஆரம்பச் சம்பளமும் பென்ஷனும் சேர்த்துப் பார்த்தா, தமிழ்நாட்டுல பெரும்பாலான பட்டதாரிகளுக்குக் கிடைக்கிறதைவிட நல்ல பேக்கேஜ். 2009-க்கு அப்புறம் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்குப் பாதுகாப்பு இருக்கு, ஆனா சம்பளம் வெளியில பேசிக்கிற அளவுக்கு இல்லை. பகுதி நேர ஆசிரியருக்கு ரெண்டுமே இல்லை. அடுத்த தடவை யாராவது "கவர்மெண்ட் வாத்தியார் எவ்வளவு வாங்குறான் தெரியுமா?"ன்னு ஆரம்பிச்சா, "எந்த வாத்தியார், எந்த வருஷம் சேர்ந்தவர்?"னு கேளுங்க.

உங்க சிடிசி-யையும் நீங்க குறி வெச்சிருக்கிற பதவியையும் எடுத்து, இதே கணக்கை ஒரு பேப்பர்ல போட்டுப் பாருங்க. மனைவியோ கணவரோ அப்பா அம்மாவோ, வேலையை விட்டா யாரையெல்லாம் பாதிக்குமோ அவங்களைப் பக்கத்துல உட்கார வெச்சுக்கிட்டுப் போடுங்க. இந்தப் பதிவு உபயோகமா இருந்தா, டிஆர்பி-க்குப் படிக்கிற உங்க நண்பருக்கு அனுப்புங்க. 18.5% எங்கே இருந்து வந்ததுங்கிறதை அடுத்த வீடியோவுல எக்ஸெல் ஷீட்டோட விளக்கமா சொல்றேன்.